ஒரு கூத்து மெட்டின் வழி



நத்தார் காலத்தில் மன்னார்த் தீவின் தேவாலயங்களிலே சிறுவர் பாடுகின்ற கரோல் கீதங்களுள் ஒன்று, துள்ளல் நடை உடையது. ஒவ்வோர் அடி முடிந்ததும் பொருளில்லாத அசைகளை அடுக்கிப் பாடப்படுவது. அதனை ஆங்கிலப் பாட்டு என்றே நாம் எண்ணியிருக்கிறோம். சொற்கள் ஆங்கிலம், மெட்டோ ஆங்கிலேயருடையதன்று. பிரித்தானியத் தீவின் மேற்குப் புறத்திலே, தமக்கெனத் தனிமொழியும் தனிமரபும் உடைய வேல்ஸ் நாட்டு மக்களின் சொத்து அது. அவர்கள் மொழியில் அதற்கு ‘நோஸ் கலான்’ என்று பெயர். புத்தாண்டுக்கு முந்திய இரவு என்பது பொருள். யாழ் வாசிப்போன் நடுவில் அமர, ஆடவரும் பெண்டிரும் அவனைச் சூழ்ந்து வட்டமாக நின்று, ஒருவர் மாற்றி ஒருவராக அடி பாடி ஆடுவர். அடியின் ஈற்றிலே மறுமொழி சொல்வது யாழ். யாழ் இல்லாத இடத்தில் அம்மறுமொழியை வாயாற் பாடத் தொடங்கினர். அதுவே இன்று நம் சிறுவர் பாடும் பொருளில்லா அசைகள் ஆயிற்று என்பர்.

அந்த மெட்டுக்கு ஒரு பிறப்புப் பத்திரம் உண்டு. 18ஆம் நூற்றாண்டிலே கண்பார்வையற்ற யாழிசைக் கலைஞர் ஜோன் பரியின் கையெழுத்துப் படியில் அது இடம்பெற்றது. 1794இல் எட்வர்ட் ஜோன்ஸ் என்பவர் தாம் தொகுத்த வேல்ஸ் இசைநூலிலே அதனை அச்சேற்றினார். 1862இல் தோமஸ் ஒலிபன்ற் ஆங்கிலச் சொற்களை அதற்கு அமைத்தார். ஆகவே, மன்னாரிலே ஒரு சிறுமி பாடும் பாட்டை ஏறத்தாழ முந்நூறு ஆண்டு பின்னோக்கித் தொடர்ந்து செல்ல முடிகின்றது.

அதே சிறுமியின் பாட்டனார் கூத்துக் கொட்டகையிலே பாடிய மெட்டை இவ்வாறு தொடர முடியுமா? இதுவே இன்று நான் உங்களோடு ஆராய விரும்பும் வினா. பொதுப்படப் பேசுவதினும் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு பேசுதல் நன்று. மன்னார்ப் பகுதியிலே புகழ்பெற்ற மூவிராசாக்கள் நாடகத்தில், அரசர் முதன்முறை களரிக்கு வரும்போது பாடப்படும் வரவுத் தரு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

கதை யாவரும் அறிந்ததே. குழந்தை இயேசுவைக் காண்பதற்கு, விண்மீன் வழிகாட்ட, கிழக்கிலிருந்து மூன்று அரசர் வருகின்றனர். கிறித்தவ வேதநூல் அவர்களை ஞானிகள் என்று கூறுகின்றதேயன்றி, மூவர் என்றோ அரசர் என்றோ கூறவில்லை. மூவராக்கி முடிசூட்டியது பிற்கால மரபு. முடி சூட்டியபின் கூத்துக்கு வேறென்ன வேண்டும்? அரசன் வந்தால் கட்டியகாரன் கட்டியங் கூறவேண்டும், மத்தளம் முழங்கவேண்டும், அரசன் தன் பெயரும் நாடும் பெருமையும் சொல்லி ஆடவேண்டும். தமிழ்க் கூத்து மரபில் இதற்கென்றே அமைந்தது வரவுத் தரு.

தரு என்னும் சொல்லையே சிறிது நோக்குவோம். வடமொழி நாடக நூல்கள் கூறும் ‘துருவா’ என்னும் பாட்டு வகையின் பெயரே தமிழிலும் தெலுங்கிலும் தரு எனத் திரிந்தது என்பது அறிஞர் கருத்து. தெருக்கூத்து, குறவஞ்சி, பள்ளு ஆகிய அனைத்திலும் தரு உண்டு. சீர்காழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிலே இயற்றிய இராம நாடகம் தருக்களால் நிறைந்தது. ஆகவே, நம் வரவுத் தருவின் வடிவம் கிறித்தவ சமயம் இக்கரைக்கு வருமுன்னரே தமிழரிடம் இருந்த ஒன்றைத் தழுவியது. விருத்தம், கொச்சகம், கலித்துறை, இன்னிசை என அதனைச் சூழ்ந்து நிற்கும் பாவகைகளும் அவ்வாறே.

இனி, மன்னார்க் கூத்திலே இருவகைப் பாங்குகள் வழங்குவதைக் குறிப்பிடவேண்டும். ஒன்று வடபாங்கு, அதனை யாழ்ப்பாணப் பாங்கு என்றுஞ் சொல்வர். மற்றையது தென்பாங்கு, அது மாதோட்டப் பாங்கு எனவும் பெயர்பெறும். மட்டக்களப்பார் வடமோடி, தென்மோடி என்று பிரித்துக் கூறுவதை நேயர்கள் அறிவீர்கள். அங்கே வடமோடி பெரும்பாலும் இதிகாசப் போர்க்கதைகளையும், தென்மோடி காதற் கதைகளையும் பற்றி நிற்கும். மன்னாரிலோ பிரிவு கதையைச் சார்ந்ததன்று, ஊரைச் சார்ந்தது. வடக்கே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முறை ஒன்று. திருக்கேதீச்சரமும் பாலாவியும் மாந்தைத் துறைமுகமும் உள்ள பழைய மாதோட்டத்துக்கு உரிய முறை ஒன்று. பாட்டுக்குப் பெயரிடும்போது தம் ஊரின் பெயரோடு அயலூரின் பெயரையும் மறவாமல் வைத்த நேர்மையை நாம் பாராட்டவேண்டும்.

இவ்விரு பாங்கும் என் வாழ்வில் எதிர்ப்பட்ட வகையைச் சொல்லுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் அதிபராயிருந்த பாடசாலையிலே, தமிழ்த்தினப் போட்டிக்காக மாணவர்க்கு மூவிராசாக்கள் கூத்தின் ஒரு பகுதியைப் பழக்க முற்பட்டோம். அண்ணாவிமார் இருவரை அழைத்தேன். ஒருவர் தீவுப் பகுதியினர், கடற்றொழிலாளர். மற்றையவர் பெருநிலப் பகுதியினர். கட்டுக்கரைக் குளத்தின் நீரை நம்பி வயல் செய்தவர். இருவரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். முதலாம் அரசனின் வரவுத் தருவைப் பாடும்படி கேட்டேன். இருவர் வாயிலும் சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. மெட்டோ வேறுபோல் ஒலித்தது.

தீவுப் பகுதியினர் பாடும்போது அடி மேலே எழுந்து தொடங்கி, மூன்று மாத்திரை நடையிலே, தகிட தகிட என்று ஓடி இறங்கியது. கேட்போரின் தோள்கள் தாமாகவே அசைந்தன. பெருநிலப் பகுதியினர் பாடியபோது அதே அடி தாழத் தொடங்கியது. தகதிமி என்னும் நான்கு மாத்திரை நடையிலே நிதானமாகச் சென்றது. ஈற்றசையிலே நீண்டு நின்றது. அந்த நீட்சியிலே அவர் இரண்டு முறை காலை மிதித்துத் திரும்பினார். முதுமையிலும் அந்தத் திருப்பத்தில் ஓர் அரசனின் மிடுக்கு இருந்தது.

எது சரி என்ற வினா உடனே எழுந்தது. போட்டிக்கு நாள் குறைவு. சங்கீத ஆசிரியர் ஆர்மோனியத்தோடு அமர்ந்திருந்தார். தீவுப் பாட்டு ஆர்மோனியத்துக்கு எளிதிற் பொருந்தியது. மாணவர்க்கும் விரைவில் வந்தது. அதனையே சரியானதென்று நான் முடிவுசெய்தேன். பெருநிலத்து அண்ணாவியாரிடம், “நீங்கள் பாடியதிலே தாளம் சற்று இழுபடுகிறது, அண்ணாவியார்” என்று சொன்னேன். அவர் சினங்கொள்ளவில்லை. “இழுபடவில்லை, ஐயா. அந்த இடத்திலே கால் பேசும்” என்று மட்டும் சொல்லிச் சால்வையை எடுத்துத் தோளிற் போட்டுக்கொண்டார். மறுநாள் முதல் அவர் வரவில்லை. நானும் ஆளனுப்பவில்லை.

கலைப் பட்டதாரியாகிய நான், பாடபேதம் என்றால் என்ன என்பதை நூல்களிற் படித்தவன். சங்க இலக்கியச் சுவடிகளிலே ஒரு சொல்லுக்கு இரண்டு பாடங்கள் இருப்பின் இரண்டையும் குறித்து வைத்தலே பதிப்பாசிரியரின் கடன் என்பதை மாணவர்க்குக் கற்பித்தவன். எழுத்திற் கண்டால் பாடபேதம் என்று போற்றியதை, ஒரு முதியவரின் வாயிற் கேட்டபோது பிழை என்று தள்ளினேன். இதனை நான் பின்னரே உணர்ந்தேன்.

அவ்விரண்டும் ஒரே மெட்டின் இரு வடிவங்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. முதலாவது, அடி எங்கே பிரிகின்றதோ அந்த இடம் இரண்டிலும் ஒன்றே. இரண்டாவது, அடி முடிந்து இறங்கும் இறக்கம் இரண்டிலும் ஒன்றே. தொடக்கம் மாறலாம், முடிவு மாறவில்லை. எந்த நாட்டு நாட்டார் இசையிலும், பாட்டின் தொடக்கத்தினும் முடிவே பெரிதும் நிலைபெறுவது. ஏனெனில் எல்லோரும் சேர்ந்து பாடும் இடம் அது. மூன்றாவது, மூன்று மாத்திரை நடையிலே பாடும்போது சில சொற்கள் இடமின்றி நெருக்குண்டன. நான்கு மாத்திரை நடையிலே அச்சொற்கள் வசதியாக அமர்ந்தன. ஆகவே சொற்கள் முதலிலே நிதானமான நடைக்கு இயற்றப்பட்டு, பின்னர் விரைந்த நடைக்கு மாறின என்று கொள்வதே பொருத்தமாகும்.

ஏன் விரைந்தன? கடலோரத்து மக்களிடம் ‘அம்பா’ என்னும் தொழிற்பாட்டு உண்டு. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றையோர் இழுப்போடு சேர்ந்து பாடுவர். அங்கே நீட்டி நிற்க நேரமில்லை. நின்றால் வலை பின்வாங்கும். பகலில் அம்பா பாடிய தொண்டை இரவிலே தரு பாடும்போது, இழுப்பின் நடை தருவிலும் ஏறிவிடுதல் இயல்பு. வயற்புறத்திலோ நடை வேறு. இவ்வாறு ஒரே விதை உவர்நிலத்தில் ஒருவிதமாகவும் மருதநிலத்தில் ஒருவிதமாகவும் வளர்ந்தது. எது தாய், எது மகள் என்று வழக்காடுவதினும் இரண்டும் உடன்பிறந்தவை என்பதே நீதியாகும்.

மன்னாரின் வரலாற்றை அறிந்தோர் இங்கே ஒரு வினாவை எழுப்பலாம். போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஏறத்தாழ நூறாண்டு இங்கிருந்தவர்கள் தங்கள் ஆடல் மெட்டுகளை விட்டுச் செல்லவில்லையா? மூன்று மாத்திரைத் துள்ளல் அவர்கள் தந்ததன்றோ?

இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. மட்டக்களப்புப் பறங்கியரின் காபிறிஞ்ஞா ஆட்டமும், புத்தளத்துக்கு அண்மையில் சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழியினரின் மாஞ்ஞாப் பாட்டும், சிங்கள மக்கள் விரும்பியாடும் பைலாவும் போர்த்துக்கேயத் தொடர்பின் விளைவுகளே. பைலா என்ற சொல்லே ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. மன்னார் நாடகங்களிலும் அம்மொழியின் சுவடு உண்டு. ‘எண்டிறிக்கு எம்பரதோர்’ என்று ஒரு நாடகம். எம்பரதோர் என்றால் பேரரசன். பெயரும் பட்டமும் போர்த்துக்கேயம்.

ஆயினும் பெயர் வந்த வழியிலேயே மெட்டும் வந்தது என்று கொள்ளலாகாது. அந்நாடகங்களின் பாட்டுகள் தமிழ் யாப்பில் அமைந்தவை. தாளக்கட்டு மத்தளச் சொற்களால் ஆனது. ஆட்டம் காலின் மிதியை அடிப்படையாகக் கொண்டது. பைலாவின் ஆறெண்ணும் நடை நம் தகிட தகிடவோடு ஒத்து ஒலிப்பது உண்மையே. ஆனால் உரற்பாட்டிலும் தாலாட்டிலும் கும்மியிலும் மூன்றன் நடை தமிழரிடம் தொன்றுதொட்டு உண்டு. நடை ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றன்று. அடியின் வளைவும் முடிவும் ஒத்திருத்தலே சான்று. சுருங்கச் சொன்னால், கதை கப்பலேறி வந்தது. மெட்டு கரையில் நின்று அதனை வரவேற்றது. பள்ளிமுனையிலே நிற்கும் பருத்த பெருக்கமரத்தை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஆபிரிக்க மரமாகிய அதனை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பர். விதை வெளியூர், வேர் குடித்த நீர் மன்னார் நீர். எம்பரதோர் நாடகமும் அத்தகையதே.

இந்த மரபு மன்னாரோடு நிற்பதன்று. மேற்கே கேரளத்தில் கொச்சி, கொடுங்கல்லூர்க் கரைகளிலே ‘சவிட்டு நாடகம்’ என்று கத்தோலிக்கரிடையே ஒரு கூத்து உண்டு. சவிட்டு என்பது மிதித்தல். பலகை மேடை அதிரும்படி காலால் மிதித்து ஆடுவதால் அப்பெயர் பெற்றது. அதன் பழைய நாடகங்களின் மொழி பெரிதும் தமிழ் கலந்தது. பேரரசன் கார்ல்மான் கதையை நாடகமாக்கியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர் என்று அம்மரபு கூறும். அங்கும் அண்ணாவி, இங்கும் அண்ணாவி. அங்கும் ஐரோப்பியப் பேரரசன். இங்கும் ஐரோப்பியப் பேரரசன். அங்கும் மிதி, இங்கும் மிதி. அரபிக் கடற்கரையிலிருந்து முத்துக்குளித்துறை வழியாக மன்னார் வரை கடலோரக் கத்தோலிக்க மக்களிடையே கூத்து ஒரு பொதுச் செல்வமாய் விளங்கியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அச்செல்வம் பரவிய வழிகளுள் ஒன்று முத்துக்குளிப்பு. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளிலே, முத்துக்குளிப்புப் பருவம் வந்தால், ஆளில்லா மணற்பரப்பிலே ஒரு நகரமே தோன்றும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், மன்னார் எனப் பல கரைகளிலிருந்தும் சுழியோடிகளும் சம்மாட்டிகளும் வணிகரும் வந்து கூடுவர். 1905இல் நடைபெற்ற பெருங்குளிப்பிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. பகலெல்லாம் கடலிலே சுழியோடியவர்கள் இரவிலே வாளா இருந்திருப்பர் என்று நான் நினைக்கவில்லை. முத்து விலைபோயிற்று, பாட்டு விலையின்றிக் கைமாறியது.

தெற்கே சென்றாலும் நம் மூவிராசாக்களைக் காண்கிறோம். சிலாபக் கரையிலே வாழ்ந்த கபிரியேல் பெர்னாண்டோ என்னும் புலவர் சிங்களத்திலே இயற்றியதாகக் கூறப்படும் ‘ராஜ துன்கட்டுவ’ நாடகம், மூன்று அரசரின் கதையே. சிங்கள நாடகம என்னும் கூத்து வகையின் முதல் நூல்களுள் அஃது ஒன்றாக எண்ணப்படுகின்றது. பின்னர் கொழும்பிலே பிலிப்பு சிஞ்ஞோ என்னும் கொல்லுத் தொழிலாளர் அக்கலையைப் பெரிதும் வளர்த்தார். சிங்கள நாடகமவிலே இன்னிசை என்னும் தமிழ்ப் பெயர் அப்படியே வழங்குகின்றது. செல்லப்பிள்ளையும் கோணங்கியும் களரிக்கு வருகின்றனர். அதில் முழங்கும் மத்தளத்துக்குச் சிங்கள மக்கள் இட்ட பெயரே ‘தெமள பெரய’, அதாவது தமிழ்ப் பறை. இனம் வேறு, மொழி வேறு; ஆயினும் அரசன் வரும்போது கால் மிதிக்கும் முறை ஒன்றாயிருந்தது.

இக்கதை 1956இல் ஒரு பெருந்திருப்பத்தை அடைந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர அவர்கள், சிங்கள நாடகமவின் மெட்டுகளையும் ஆட்டத்தையும் கொண்டு ‘மனமே’ என்னும் நாடகத்தை மேடையேற்றினார். நாடகம மரபை அறிந்த முதியவராகிய சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே அதற்குத் துணைநின்றார். படித்தோர் கைவிட்ட நாட்டுக் கூத்திலிருந்து புதிய நாடகம் ஒன்று பிறந்ததைக் கண்டு கொழும்பு வியந்தது. அதே பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் அவர்கள், சிங்களவர் நம்மிடமிருந்து பெற்ற மரபைக் கொண்டு இத்தகைய சிறப்பை அடையும்போது, நாம் நம் கூத்தை ஏன் மறந்தோம் என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல் ஊர் ஊராகச் சென்றார். மட்டக்களப்புக் கூத்திலிருந்து கர்ணன் போர் 1962இலும், இராவணேசன் அதன் பின்னரும் புதிய உருவிலே அரங்கேறின. மன்னார்ப் பகுதி நாடகங்களும் அவருடைய கண்ணிலே பட்டன. எண்டிறிக்கு எம்பரதோர் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும் அவர் பதிப்பித்து நூலுருப் பெற்றன. ஒரு மெட்டு தமிழ்க் கரையிலிருந்து புறப்பட்டு, சிங்கள மேடையிலே புகழ்பெற்று, அப்புகழின் எதிரொலியாய்த் தன் பிறந்தகத்துக்கு மீண்ட வரலாறு இது.

நூல்கள் அச்சாயின; ஆயினும் அவற்றால் நிறைவேறாத ஒன்றுண்டு. கூத்தேட்டை எடுத்துப் பாருங்கள். பாட்டின் தலைப்பிலே தரு என்றோ விருத்தம் என்றோ எழுதியிருக்கும். அதன்கீழ்ச் சொற்கள் இருக்கும். சுரம் இராது. அண்ணாவியாருக்கு அது வேண்டுவதில்லை; மெட்டு அவர் தொண்டையிலும், தாளக்கட்டு அவர் காலிலும் இருந்தன. ஏடு நினைவூட்டும் கருவியேயன்றி, கூத்தே அன்று. அண்ணாவியார் மறைந்தபின் ஏட்டைக் கையில் வைத்திருப்போர், பூட்டை வைத்துக்கொண்டு திறவுகோலைத் தொலைத்தவராவர்.

ஏடுகளுக்கும் நல்ல காலம் வாய்க்கவில்லை. 1990 முதல் மன்னார் மக்கள் பட்ட இடர்களை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எத்தனையோ குடும்பங்கள் மடுத் தேவாலய வளவிலே கொட்டில் போட்டு வாழ்ந்தன. எத்தனையோ குடும்பங்கள் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தன. அதே ஆண்டில் முசிலிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஓடும்போது பிள்ளையைத் தூக்கியவர்கள் ஏட்டைத் தூக்க முடியுமா? 2009இல் போர் முடிந்து மீண்டவர்கள் வீட்டின் சுவரைக்கூடக் காணாத ஊர்களும் உண்டு.

வேறொரு மாற்றமும் மெல்ல நிகழ்ந்தது. தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்களோடு ஆர்மோனியம் வந்தது. பின்னர்த் திரைப்படம் வந்தது. கூத்தின் இடையிடையே திரைமெட்டுகள் புகுந்தன. இதனை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அம்பாவின் நடையை ஏற்றுக்கொண்ட கூத்து, திரைப்பாட்டின் நடையை ஏற்பதும் அதன் உயிர்ப்பின் அடையாளமே. ஆனால் ஆர்மோனியத்தின் கட்டைகள் நிலையானவை. இரு கட்டைகளுக்கு இடையே நின்று அண்ணாவியார் பாடிய அசைவுகளுக்கு அதிலே இடமில்லை. அந்தக் கருவிக்குப் பொருந்தியதே சரி என்று தீர்ப்புச் சொன்ன அதிபர்களுள் நானும் ஒருவன் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டேன்.

அத்தீர்ப்பின் முடிவைச் சொல்லவேண்டும். எங்கள் மாணவர் அந்தப் போட்டியிலே பரிசு பெற்றனர். மூன்று ஆண்டு கழித்து, பெருநிலத்து அண்ணாவியார் காலமானார் என்று கேள்வியுற்று அவர் இல்லஞ் சென்றேன். அவர் மகன் என்னை அன்போடு வரவேற்று, தந்தையாரின் கூத்துக் கொப்பியைக் கொணர்ந்து காட்டினார். வரவுத் தருவின் சொற்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அதன் தலைப்பிலே, ‘ஐயாவின் மெட்டு’ என்று மட்டும் இருந்தது. யார் அந்த ஐயா? அண்ணாவியாரின் தந்தையார். பாடத் தெரியுமா என்று மகனைக் கேட்டேன். அவர் தயங்கி, முதலடியைப் பாடினார். இரண்டாம் அடியையும் பாடினார். ஈற்றசை நீளும் இடம் வந்ததும் நின்றுவிட்டார். “இந்த இடத்திலே அப்பு என்னவோ செய்வார், ஐயா. எனக்கு அது வரவில்லை” என்றார். கால் பேசும் இடம் அதுவே. நான் கண்டிருந்தேன், கேட்டிருந்தேன், குறித்துக்கொள்ளவில்லை.

இவ்விடத்தில் வேல்ஸ் நாட்டை மீண்டும் நினைவுகூர்வது பயன்தரும். அங்கே 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிற் பரவிய சமய எழுச்சி, ஆடலையும் பிடிலையும் தீயொழுக்கமாகக் கருதி விலக்கியது. ஆடல்கள் பல மறைந்தன. மன்னாரிலோ திருச்சபை கூத்தை அணைத்துக்கொண்டது. ஆலயத் திருவிழாவே கூத்தின் அரங்காயிற்று. அவ்வகையில் நாம் பேறு பெற்றவர்கள். எனினும், இழந்ததை மீட்பதிலே அவர்கள் நமக்கு வழிகாட்டுகின்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே லங்காட்வன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் ஜோன்ஸ் என்பவர் தம் ஊர் ஆடல்களை மெட்டோடும் அடிவைப்போடும் எழுதிவைத்தார். நாண்ட்கரூ என்னும் ஊரின் ஆடல்கள், கேதரின் மார்கரெட்டா தாமஸ் என்னும் அம்மையார் இளமையிற் கண்டவை. அவர் நினைவிலிருந்து சொல்ல, மகளார் எழுதிக்கொண்டதால் அவை இன்றும் ஆடப்படுகின்றன. 1949இல் அந்நாட்டார் தங்கள் நாட்டார் ஆடலுக்கென ஒரு கழகமும் நிறுவினர். ஒரு தாயின் நினைவும் ஒரு மகளின் எழுதுகோலும் ஓர் ஊரின் ஆடலைக் காத்தன என்றால், அச்செயல் எவர்க்கும் அரிதன்று.

இன்று நம் கையிலுள்ள வசதியோ அவர்கள் கனவிலும் காணாதது. ஒவ்வொரு மாணவன் வீட்டிலும் ஒலியையும் உருவையும் பதிவுசெய்யுங் கைத்தொலைபேசி உண்டு. ஆனால் பதிவுசெய்வோர் மூன்றை மறத்தலாகாது. மெட்டைப் பாடியவர் பெயரும் ஊரும் நாளும் குறிக்கப்படவேண்டும். அவர் யாரிடங் கற்றார் என்பதும் கேட்கப்படவேண்டும். குரலை மட்டுமன்றிக் காலையும் பதியவேண்டும். கூத்திலே பாட்டின் பாதி காலில் உள்ளது. அடுத்த ஊரிலே அதே மெட்டு வேறாகப் பாடப்பட்டால், அதனைத் திருத்தாமல் அப்படியே பக்கத்தில் வைக்கவேண்டும். பேசாலையில் ஒன்று, வங்காலையில் ஒன்று, முருங்கனில் ஒன்று, விடத்தல்தீவில் ஒன்று என்று வைத்து நோக்கினாலன்றி, மெட்டு நடந்துவந்த வழி நமக்குத் தெரியாது. ஒன்றைச் சரியாக்கி மற்றவற்றை அழித்துவிட்டால், அடிச்சுவடுகளை அழித்துவிட்டு வழியைத் தேடுவோர் போலாவோம்.

என் பாடசாலையிலே இப்போது ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம். கூத்துப் பழகும் மாணவர், முதலிலே தம் வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவரிடஞ் சென்று, அதே பாட்டை அவர் எவ்வாறு பாடுவார் என்று கேட்டு வரவேண்டும். கேட்டு வந்த ஒவ்வொன்றையும் பிழையென்று சொல்லாது பதிவுசெய்து வைக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு மாணவி, தன் பாட்டியார் அடுப்படியிலே இருந்தபடி முணுமுணுத்த வரவுத் தரு ஒன்றைக் கொணர்ந்தாள். பெண்கள் கூத்தாடும் வழக்கம் இல்லாத காலத்தவர் அந்த மூதாட்டியார். கொட்டகையின் ஓரத்திலே பாயிலிருந்து கேட்டே கற்றவர். அவர் பாடியதில் அடி தாழத் தொடங்கியது, ஈற்றசை நீண்டது. நீண்ட இடத்திலே, அகப்பையால் சட்டியின் விளிம்பை இரண்டு முறை தட்டியிருந்தார்.

அதனை மாணவர்க்குப் போட்டுக் காட்டினேன். “இது என்ன சத்தம், சேர்?” என்று ஒருவன் கேட்டான்.

“அந்த இடத்திலே கால் பேசும்” என்றேன்.